ஐப்பசி ஓடைக்கு எந்தப் பூச்சி?

வெள்ளி, குலசேகரம்

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. தக்கலை தாண்டி ரப்பர் நிழலுக்குள் வண்டி நுழைந்த பிறகுதான் காற்றில் ஈரம் தெரிந்தது. புரட்டாசி முடியப்போகிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது, ஐப்பசியில் வரும் துலா மழை இன்னும் பிடிக்கவில்லை. மலையடிவார ஓடைகள் கலங்கல் வடிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிய ஓடும் நாட்கள் இவை. இந்த இடைவெளியைக் குறிவைத்தே விடுப்பு எடுத்தேன். குலசேகரத்தில் தங்கி, சுற்றுவட்டார ஓடைகளில் ஃப்ளை தூண்டில் போடப்போகிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். புழுவோ மாவோ கோர்க்காமல், முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஒரு பூச்சியின் சாயலை உண்டாக்கி, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீனை வரவழைப்பதுதான் ஃப்ளை தூண்டில். ஈயக்குண்டு கிடையாது. பூச்சிக்கு எடையே இல்லாததால், பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த கயிறுதான் தன் கனத்தால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதன் பாடமெல்லாம் ட்ரௌட் மீனை வைத்து எழுதப்பட்டது. ட்ரௌட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரிக்கு மேல் சூடேறினால் திணற ஆரம்பிக்கும். நம் பக்கத்தில் நீலகிரி மாதிரி உயரம்தான் அதற்குச் சரி. 1860-களில் ஃப்ரான்சிஸ் டே அங்கே கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நீலகிரியில் ட்ரௌட் நிலைத்தது. குமரி ஓடையில் ட்ரௌட் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் ட்ரௌட்காரர்கள் சின்ன ஓடைகளைப் பற்றிக் கண்டுவைத்திருக்கும் ஒரு விஷயம் இங்கேயும் செல்லுபடியாகும் என்பது என் நம்பிக்கை. பெரிய ஆற்று மீனுக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. ஒரே வகைப் பூச்சி கூட்டமாகப் பறக்கும் நேரத்தில் அதை மட்டுமே தின்னும், அதே பூச்சியை அச்சு அசலாகக் காட்டினால்தான் வாய் திறக்கும். சின்ன ஓடை மீனுக்கு அந்தச் சொகுசு இல்லை. எது வந்தாலும் ஓட்டம் அதை இழுத்துப் போவதற்குள் தின்றாக வேண்டும். அதனால் சின்ன ஓடையில் நிறத்தைவிட அளவு முக்கியம். அளவைவிட, பூச்சி இழுபடாமல் ஓட்டத்தோடு ஓட்டமாக மிதந்து வருவது முக்கியம்.

பருவத்துக்குத் தக்கபடி எந்த ஃப்ளை என்று குளிர்நாட்டு அட்டவணை ஒன்று உண்டு. வசந்தத்தில் மேஃப்ளை (தண்ணீரில் வளர்ந்து சிறகு முளைத்து எழும் சிறு பூச்சி), கோடையில் எறும்பும் வெட்டுக்கிளியும், இலையுதிர்காலத்தில் பெரிய கேடிஸ் (அதேபோலத் தண்ணீரில் வளரும் இன்னொரு பூச்சி), பனிக்காலத்தில் கொசு அளவில் மிட்ஜ். நமக்கு அந்த நான்கு பருவம் ஏது? இரண்டு மழை, நடுவில் ஒரு வெயில், பிறகு பேச்சிப்பாறை அணை மதகு. பொதுவாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். குமரி ஓடைக்கு என்று ஓர் அட்டவணை போட்டால் அது எப்படி இருக்கும்? அதைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

கிளம்பும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன். கோதையாறு, காளிகேசம் பக்கத்து மேல்காட்டு ஓடைகளுக்கு நான் போகப்போவதில்லை. அந்தக் காடெல்லாம் 2008-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். அணைகளில் மீன்பிடி உரிமை வேறு ஆட்களுக்கு. எனக்குக் கீழே, பட்டா விளைகளுக்குள் ஓடுகிற ஓடைகளும் கால்வாய்க் கரைகளும் போதும்.

சனி, திருநந்திக்கரை

குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, வட்டெழுத்துக் கல்வெட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஓடைக்கு இறங்கினேன். கரையோர ரப்பர் விளை நண்பனுடைய மாமாவுக்குச் சொந்தம். வயது அறுபதைத் தாண்டியிருந்தாலும் இன்றும் அவரே பால் வெட்டுகிறார். நான் போனபோது வெட்டு முடிந்து, சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒட்டுப்பாலைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.

தூண்டிலை விரிக்கும் முன் ஓடையைச் சோதிப்பது என் வழக்கம். ஒரு வெள்ளைத் துண்டின் இரு முனைகளைக் குச்சியில் கட்டி, ஓட்டத்துக்குக் குறுக்கே பாதித் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் எதைக் கொண்டு வருகிறதோ அது துணியில் ஒட்டும். கால்மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தேன். முசுறு என்ற சிவப்பு மர எறும்புதான் அதிகம், கால்கள் சுருண்டு, சிவப்பு மங்கி. கூடவே கட்டெறும்பு, அரிசியளவில் கறுப்பு வண்டு, இலைத்தத்தி, பெயர் தெரியாத பச்சைப் புழு ஒன்று, நிறைய ரப்பர் இலைத் துணுக்கு. தண்ணீரிலேயே பிறந்த பூச்சி என்று பார்த்தால் மேஃப்ளை ஒன்றே ஒன்று, சிறகு நனைந்து ஒட்டிக் கிடந்தது.

அதற்காகத் தண்ணீருக்குள் பூச்சி இல்லை என்று அர்த்தமில்லை. முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் தட்டையான மேஃப்ளைக் குஞ்சுகள், நூல் போன்ற வால்களோடு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி ஒளிந்தன. மணலைப் பசையால் ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ் புழுக்கள் கல்லோடு கல்லாக இருந்தன. குளிர்நாட்டில் இவை மாதக்கணக்கில் காத்திருந்து, சூடு ஏறியதும் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் சிறகு முளைத்து எழும். நம் ஓடையில் தண்ணீர் வருஷம் முழுக்கச் சூடாகவே இருப்பதால் அந்தக் காத்திருப்பு இல்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போய்விடுகின்றன. மீனுக்கு அது திருவிழாச் சாப்பாடு ஆவதில்லை. அதன் விருந்து மேலிருந்து, கரை மரத்திலிருந்து விழுகிறது.

மாமா துணியை எட்டிப் பார்த்தார்.

“வெள்ளத்துல எதுக்கு மக்களே தேடுகது? இன்னா மேல பாரு.”

ஓடைமேல் சாய்ந்த கொல்லாமரத்தில் (முந்திரி மரம்) முசுறுக் கூடு, இலைகளைச் சேர்த்துத் தைத்து, தேங்காய் அளவில் தொங்கியது. காற்றடிக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு எறும்பு உதிர்ந்தது. விழுந்த இடத்திலிருந்து ஒரு கஜம் கீழே தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள்.

பெட்டியில் 16-ஆம் எண் முள்ளில் கட்டிய எறும்பு ஃப்ளை இருந்தது. (முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிதாகும்.) பழுப்புச் சிவப்பு ஃபோம் இரண்டு உருண்டை, நடுவில் இடுப்பு, இடுப்பில் சேவல் இறகு இரண்டே சுற்று. எறும்பு ஃப்ளைக்கு அந்த இடுப்புதான் உயிர். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு எறும்பு என்று காட்டிக்கொடுப்பது அந்த ஒல்லி இடம்தான். பலர் நூலை அங்கே தடிமனாகச் சுற்றிவிடுவார்கள், அப்புறம் அது வண்டாகிவிடும்.

கொல்லாமர நிழலுக்கு மேலே போட்டு, கயிறு இழுக்காமல் மிதந்து வரவிட்டேன். வளையம் தோன்றிய அதே இடத்தில் டப்பென்று எடுத்தது. விரல் நீள மீன், பக்கவாட்டில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள். கண்ணாடித் தொட்டிக் கடைகளில் ஜயண்ட் டேனியோ என்று விற்பது இதைத்தான், நம் ஓடைகளில் தானாகவே வாழ்கிறது. முள்ளின் கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருப்பதால் தண்ணீருக்குள்ளேயே கழற்றி விட்டுவிடலாம். அடுத்தடுத்து வந்ததும் அதே இனம். பிறகு சற்று ஆழமான குழியில் உள்ளங்கை நீளக் கெண்டை ஒன்று வந்தது, வாலை நோக்கி நீண்ட கறுப்புப் பொட்டுடன். இந்தக் கூட்டத்தில் ஒரு கெண்டையை 2010-ல்தான், அதுவும் நம் மாவட்டத்து ஓடையிலிருந்து, புது இனமாக விவரித்து ரோஹன் என்ற பெயரோடு சேர்த்தார்கள். கையில் இருந்தது அதுவா, அதன் சொந்தக்காரனா என்று கரையில் நின்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எப்படியானாலும் விட்டுவிடவேண்டிய மீன்.

மாமாவின் கம்பு வேறு ரகம். பத்தடி ஈத்தல் கம்பு (மூங்கில் போன்ற நாணல்), நுனியில் கம்பின் நீளத்துக்கே நரம்பு. சக்கரமும் இல்லை, தடித்த கயிறும் இல்லை. ஜப்பானிய மலை ஓடைகளில் டென்காரா என்று இதே முறையில்தான் ஃப்ளை போடுகிறார்கள். மரம் கவிந்த ஓடையில் பின்னால் வீச இடமிருக்காது. எட்டி நீட்டி, நரம்பு தண்ணீரைத் தொடாமல் பூச்சி மட்டும் தொடும்படி பிடிக்க இதைவிட நல்ல கம்பு கிடையாது. என் ஃப்ளை ஒன்றை அவர் நரம்பில் கட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். நான் போட்டுப் போட்டுப் பார்த்த குழியில் முதல் மிதப்பிலேயே கெண்டை எடுத்தது.

“இது தின்ன ஒக்காத பூச்சி எண்ணு மீனுக்குத் தெரியாதோ?” என்று கேட்டுக்கொண்டே அதை விட்டார்.

ஞாயிறு, அறையில்

திற்பரப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அருவிக்கு மேலே ஆற்றுக்குள் விரிந்த பாறைப்பரப்பில் கால்வைக்க இடமில்லை. பழபஜ்ஜியும் கட்டன் சாயாவும் குடித்துவிட்டுத் திரும்பி, மதியம் முழுக்க ஃப்ளை கட்டினேன்.

சேவல் இறகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிதக்கும் ஃப்ளைக்குக் கழுத்திறகுதான் வேண்டும், அதுவும் நாட்டுச் சேவலின் கழுத்து. பிராய்லர் கடையில் மூட்டை மூட்டையாக இறகு கிடைக்கும், ஆனால் அத்தனையும் பஞ்சு, தண்ணீரைக் குடித்து முழுகிவிடும். குலசேகரம் சந்தையில் நாட்டுக்கோழி விற்கும் அக்காவிடம் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கினேன். ஓர் இறகை எடுத்து நுனியைப் பிடித்துத் தலைகீழாக நீவினால், தண்டிலிருந்து மயிரிழைகள் சீப்புப்பல் போல நிமிரும். உதட்டின்மேல் வைத்து அழுத்தினால் குத்த வேண்டும், குத்தினால் நல்ல இறகு. தண்டின் அடியில் சாம்பல் பஞ்சு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை வெட்டி எறிந்துவிட வேண்டும். மீதி இரண்டு அங்குலம் கிடைத்தால் 14-ஆம் எண் முள்ளுக்குப் போதும்.

1922-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற ஃப்ளை இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த சேவல் இறகு, சாம்பல் உடம்பு. எந்தப் பூச்சியையும் குறிப்பாகக் காட்டாமல் எல்லாப் பூச்சியையும் கொஞ்சம் காட்டும். கேடிஸுக்கு எல்க் மான் ரோமம் கட்டுவார்கள், அது உள்ளே குழலாக இருப்பதால் மிதக்கும். நமக்கு அது வேண்டாம். பழைய ரப்பர் செருப்பின் அடியைப் பிளேடால் சீவியும், ஸ்டேஷனரிக் கடை ஃபோம் ஷீட்டை வெட்டியும் அதே மிதப்பைக் கொண்டுவந்துவிடலாம். தையல்கடைக் கறுப்பு நூல், முள், செருப்பு, சேவல் இறகு இருந்தால் குமரி ஓடைக்கான பெட்டி ஏறக்குறைய நிறைந்துவிடும்.

திங்கள், மூவாற்றுமுகம்

கோதையாறும் பரளியாறும் சேருமிடம். இங்கிருந்து குழித்துறைத் தாமிரபரணி. ஆறு அகலமாகிவிட்டதால் மீனுக்குத் தீனி கூடுதல், அதனால் மீனுக்கு நிதானமும் கூடுதல். சனிக்கிழமை ஓடையில் எடுத்த எறும்பை இங்கே யாரும் சட்டை பண்ணவில்லை.

கொஞ்சம் மேலே, ஆற்றின்மேல் கைநீட்டி நின்ற ஓர் ஆலமரத்தில் பழம் சிவந்திருந்தது. மைனாவும் குக்குறுவானும் கொத்தக் கொத்தப் பழம் உதிர்ந்துகொண்டே இருந்தது. கரையில் குந்தி அரைமணி நேரம் பார்த்தேன். பழம் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டதும் அடியிலிருந்து ஒரு கருநிழல் எழும்பி, பழத்தைச் சுற்றி, முட்டி, உள்ளே இழுக்கும். மிதந்து வெகுதூரம் போன பழத்தைத் தொடவில்லை. விழுந்த சத்தம் அடங்குவதற்குள் எடுத்தால்தான் உண்டு.

சிவப்புக் கம்பளி நூலை 8-ஆம் எண் முள்ளில் உருண்டையாகச் சுற்றி, கத்தரியால் வழித்து, ஆலம்பழ அளவுக்குக் கொண்டுவந்தேன். பூச்சியே இல்லை, ஆனால் இன்றைக்கு இந்த மரத்தடியின் உணவு இதுதான். மெல்லப் போடும் பழக்கத்தை விட்டு, சொத்தென்று விழும்படி அடித்தேன். மூழ்கி ஒரு சாண் போவதற்குள் கயிறு விறைத்தது. முழங்கை நீளத்துக் கெண்டை, பாறைக்கடியில் நுழைந்து நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. அடுத்தது அதைவிடச் சிறியது, கரைக்கு வந்தது. மதியம் பறவைகள் ஓய்ந்தன, பழம் விழுவது நின்றது. அதோடு மீனும் நின்றது. சிவப்பு உருண்டை அதே இடத்தில் அதே சத்தத்தோடு விழுந்தும் பயனில்லை.

திரும்பும் வழியில் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் கீழே பரளியாற்றில் கால் நனைத்தேன். 1966-ல் கட்டியது, தலைக்குமேல் வெகு உயரத்தில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. நிழலில் பாறையை நக்கும் சின்ன மீன்கள் மட்டும். பாசி தின்னும் அவற்றுக்கு எந்த ஃப்ளையும் தேவையில்லை.

செவ்வாய், திருநந்திக்கரை மறுபடியும்

காலையிலிருந்தே புழுக்கம். விளையில் தட்டான்கள் இடுப்புயரத்தில் கூட்டமாக அலைந்தன. “தட்டான் தாழப் பறக்குது, இன்னைக்கு உண்டு” என்றார் மாமா. மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. இடி, காற்று, பிறகு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் நின்றோம். அத்தை மரச்சீனிக் கிழங்கும் மிளகுச் சம்மந்தியும் (துவையல்) கொண்டுவந்து வைத்தார்கள். மழை ஓடுமேல் விழும் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச முடிந்தது. ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் கேட்ட நல்ல பாடம் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

தை மாசியில் ரப்பர் மொத்தமாக இலை உதிர்க்கும், ஓடை தரையே தெரியாது, தண்ணீர் கட்டன் சாயா நிறமாகிவிடும் என்றார். அப்போது மீன் இலைக்கடியில் கிடக்கும். அவர் இலையைக் காலால் கிளறிவிட்டு, கிளறிய இடத்துக்குக் கீழே புழுவைப் போடுவாராம். எனக்கு உடனே இங்கிலாந்தின் ஃப்ராங்க் சாயர் கட்டிய ஃபெசன்ட் டெயில் நினைவுக்கு வந்தது. செம்புக் கம்பியும் பழுப்பு இறகு இழையும் மட்டும் சுற்றிய, மூழ்கும் ஃப்ளை. இலைக்கடியில் ஊரும் குஞ்சுப் பூச்சிக்கு அதைவிட நல்ல சாயல் தேட வேண்டாம். பங்குனியில் புதுத் தளிரும் பூவும் வரும்போது தேனீயும் சின்ன ஈயும் விழும். சித்திரை வைகாசியில் ஓடை குழி குழியாக அறுந்துபோகும், மீன் மனிதன் நிழலைக் கண்டாலே ஓடும், அப்போது விடியற்காலையில் மட்டும். ஆவணியில் ரப்பர்க் காய் வெடித்து விதை தண்ணீரில் விழும் சத்தத்துக்குப் பெரிய மீன் திரும்பிப் பார்க்கும் என்றும் சொன்னார். திங்கட்கிழமை ஆலமரத்தடியைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதை நம்பத் தயக்கமில்லை.

“எடவப்பாதியில?” என்று தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாட்களைக் கேட்டேன்.

“அப்பம் போடப்பிடாது மக்களே. மீன் முட்டையும் கொண்டு மேல ஏறி வரும். ஒண்ணப் பிடிச்சா ஆயிரத்தப் பிடிச்சதாக்கும்.”

மழை விட்டது. ஐந்தரை மணி வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கரையான் புற்றின் ஓரத்தில் மண் நெகிழ்ந்து, ஊசி நுழையும் துளைகளிலிருந்து முதலில் சிப்பாய்க் கரையான்கள் வந்து வாயிலைக் காத்தன. அவற்றுக்கு நடுவே ஈசல்கள், நீண்ட சிறகைப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, ஒரு புல்நுனியில் ஏறி நின்று, பறந்தன. சற்று நேரத்தில் விளை முழுக்கச் சிறகு. அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம் என்பார்கள். எனக்கு அந்த அந்தி போதும், அடைமழை நாளைக்கு வரட்டும்.

ஓடை கொஞ்சம் கலங்கி, ஒரு சாண் ஏறியிருந்தது. மேல்பரப்பெல்லாம் ஈசல். சிறகு நான்கும் விரிந்து ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் நெளிந்து சுழன்றது. வளையம் என்று சொல்ல முடியாது, தண்ணீர் கொதித்தது. சனிக்கிழமை நிழலில் ஒளிந்திருந்த கெண்டைகள் நடு ஓட்டத்துக்கு வந்து வாயைத் திறந்தபடியே மேய்ந்தன. ட்ரௌட்காரர்கள் வருஷமெல்லாம் காத்திருக்கும் அந்த ஒரே பூச்சித் திருவிழா நம் ஓடைக்கும் உண்டு. அதற்கு நாள் குறிப்பது வெயில் அல்ல, புழுக்கத்துக்குப் பிந்திய முதல் மழை.

இவ்வளவு ஈசல் நடுவில் என் ஃப்ளையை மீன் ஏன் எடுக்க வேண்டும்? இங்கேதான் பெரிய ஆற்றின் சட்டம் சின்ன ஓடைக்கும் வந்துவிடுகிறது. ஒன்றே மலிந்துகிடக்கும்போது மீன் அதை மட்டும்தான் பார்க்கிறது. ஆடம்ஸ் அவற்றின் நடுவே மிதந்து போயிற்று, எறும்பு போயிற்று, ஒரு மீனும் திரும்பவில்லை. 12-ஆம் எண் முள்ளில் கட்டியிருந்த ஈசலை எடுத்தேன். தேன் நிறத்தில் நீளமான ஃபோம் உடம்பு, முதுகில் தட்டையாகக் கிடத்திய வெளிர் பிளாஸ்டிக் சிறகு, கழுத்தில் ஒரே சுற்று இறகு. இறகைக் கீழ்ப்பக்கம் கத்தரித்துவிட்டேன், உடம்பு தண்ணீரில் அமுங்கிக் கிடக்க வேண்டும். ஈசல் தண்ணீர்மேல் நிற்பதில்லை, ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஒரு கத்தரிப்புக்குப் பிறகு போட்டதெல்லாம் கடி. மாமாவும் ஈத்தல் கம்போடு பக்கத்தில் நின்றார், அவர் முள்ளில் உயிருள்ள ஈசல். இருட்டும்வரை இருவரும் பேசவில்லை. இரண்டு கெண்டையை மட்டும் அத்தைக்குக் கொடுத்தோம், ஈசலை வறுத்துப் பொரிகடலையோடு அத்தை எங்களுக்குக் கொடுத்தார்கள்.

புதன், குலசேகரம்

அச்சாரம் பலித்தது. இரவெல்லாம் மழை. ஓடை செம்மண் நிறத்தில் கரைதட்டி ஓடுகிறது.

கலங்கல் தண்ணீரில் மிதக்கும் ஃப்ளை வீண். மீன் நடு ஓட்டத்தை விட்டுக் கரையோரப் புல்லுக்குள், வேருக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். மண் கரைவதால் மண்புழுதான் அதன் உணவு. கறுப்பு வுல்லி பக்கரை (புழுவைப் போல நெளியும், மூழ்கும் ஃப்ளை) 10-ஆம் எண்ணில் கட்டி, கரையோரமாகவே மெல்ல இழுத்தேன். கலங்கலில் கறுப்பு நன்றாகத் தெரியும். எதிர்வெளிச்சத்தில் நிழலுருவம்தான் மீனுக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம், பளபளப்பும் மஞ்சளும் உதவாது. ஒரு குறவை மீன் வந்தது, பிறகு இன்னொன்று. அட்டைக்கடி வேறு. உப்பும் புகையிலையும் கட்டிய துணிப்பொட்டலம் இல்லாமல் மழைநாளில் ரப்பர் விளைக்குள் போகாதீர்கள்.

மதியம் நீர்மட்டம் இன்னும் ஏறியது. திரும்பிவிட்டேன். வெள்ளத்தோடு விளையாட வேண்டிய அவசியம் எந்த மீனுக்காகவும் இல்லை.

வியாழன், பூதப்பாண்டி

நாகர்கோவில் திரும்பும் வழியில் பழையாற்றுப் பக்கம் இறங்கினேன். மலையடிவாரத்தை விட்டு நாஞ்சில்நாட்டு வயலுக்குள் வந்ததும் எல்லாமே வேறு. கும்பப்பூ நடவு நடந்துகொண்டிருந்தது. டிராக்டர் தொளியடிக்கும் இடமெல்லாம் கொக்குக் கூட்டம். எங்கே கொக்கு இருக்கிறதோ அங்கே பூச்சி கிளம்புகிறது. காற்று அந்த வயலிலிருந்து எந்தக் கால்வாய்ப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கரையில் நின்றால் போதும், வெட்டுக்கிளி தானாக வந்து விழுகிறது. 10-ஆம் எண்ணில் பச்சை ஃபோம், பின்னங்காலுக்கு முடிச்சுப் போட்ட இறகுத்தண்டு இரண்டு. போட்டுவிட்டு ஒரு சுண்டு சுண்டினால் உதைப்பது போல இருக்கும். கெண்டையும் ஜிலேபி மீனும் மாறி மாறி எடுத்தன. ஜிலேபி வெளியிலிருந்து வந்து நம் மீனின் இடத்தைப் பிடித்தது. அதை நான் திருப்பி விடுவதில்லை, கரையில் நின்ற பையன்களுக்குக் கொடுத்தேன்.

ஒரு மதகடியில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் பந்துபோலச் சேர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கிப் போயின. அடியில் பெற்ற விரால் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியில் அல்ல, குஞ்சுக்காக. அதைப் பிடித்தால் பந்து முழுக்க ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். கம்பை மடக்கிக்கொண்டு அடுத்த மதகுக்கு நடந்தேன். பையன்களிடமும் சொன்னேன். ஒருவன், “தெரியும் அண்ணா, அப்பா அடிப்பாரு” என்றான். கேட்க சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வயலில் மருந்தடித்திருந்தார்கள். கொக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் கால்வாயில் வெள்ளைத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். வைக்கோல் தும்பும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் மட்டும். கீழே நகரத்தை நெருங்க நெருங்கச் சாக்கடை சேர்ந்து ஆறு இன்னும் கெடுகிறது. பூச்சி இல்லாத தண்ணீருக்குப் பொருத்தமான ஃப்ளை என்று எதையும் என்னால் கட்ட முடியாது. மருந்தடித்த வயலுக்கும் அடிக்காத வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான் இருந்தது. இந்தப் பக்கக் கால்வாயில் மீன் குதித்துக்கொண்டிருந்தது. அது என்னை வெகுநேரம் அங்கேயே நிறுத்திவிட்டது.

பெட்டியில் இப்போது மாமாவுக்கென்று ஒரு வரிசை தனியாக வைத்திருக்கிறேன். ஈசல், முசுறு, கறுப்பு வண்டு, எல்லாம் ஈத்தல் கம்புக்கு ஏற்றபடி 12-க்கும் 16-க்கும் இடையில். தை பிறந்து ரப்பர் இலை உதிரத் தொடங்கியதும் போன் போடச் சொல்லியிருக்கிறேன். செம்புக் கம்பியும் நாட்டுக்கோழியின் பழுப்பு வாலிறகும் அதற்குள் வாங்கிவைக்க வேண்டும்.